காயா? கனியா? – எண்ணுண்மியுள் நுண்மி நோக்கும் முறை

(தருமபுரி மாவட்டத் தமிழாசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)

  

பூங்குழலி என்னும் பெயரில் எழுத்து எத்தனை? ஐந்து என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் விரல்மடக்கிச் சொல்லிவிடும். கணிப்பொறியைக் கேட்டாலோ அது 27 என்கிறது. ஐந்துக்கும் இருபத்தேழுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அறியாதான் ஒருவன், பெயருக்கு 20 அறை போதும் என்று கணக்கிட்டு ஒரு நிரலை எழுதிவிடுகிறான். ஆங்கில எழுத்தில் அப்பெயர் 11 அறையில் அடங்கிவிடுதலால் அவனுக்கு ஐயமே எழுவதில்லை. பட்டியல் அச்சாகி வரும்போது 'பூங்கு' என்று நின்று, அதன் பின்னே கருங்கட்டத்துள் ஒரு வினாக்குறி கண்சிமிட்டுகிறது. சிதைந்தது எந்த எழுத்து? தமிழுக்கே சிறப்பெழுத்தாகிய ழகரம்! பெயர் பிழைபட்ட பிள்ளை, அதைத் திருத்துதற்கு விண்ணப்பத்தோடு அலையவேண்டியதாகிறது. 'தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது. ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள்' என்னும் அறிவுரையும் அங்கே இலவயமாகக் கிடைக்கிறது.

பழி தமிழின்மேல் இல்லை. அந்த இடத்தில் பார்க்கவேண்டிய இரண்டே இரண்டு நுண்மிகளைப் பாராது விட்ட நிரலின்மேல் உள்ளது. அவ்விரண்டையும் பார்க்கும் முறையை விளக்குவதே இப்பொழிவின் பொருள்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. கணிப்பொறி அறிந்த மிகச்சிறிய கூறு ஒன்று உண்டு. அது சுழியாக இருக்கும், அன்றி ஒன்றாக இருக்கும். மூன்றாவது நிலை அதற்கில்லை. ஆங்கிலத்தில் அதனைப் பிட்டு என்பர். 1948-இல் கிளாடு சானன் என்னும் அறிஞர் தம் கட்டுரையில் அச்சொல்லை ஆண்டு, அதனைத் தந்தவர் சான் தூக்கி என்று குறித்தார். பிட்டு என்றால் தமிழர்க்கு மதுரையில் மண்சுமந்த கதையே நினைவுக்கு வருமாகலின், அதனை நுண்மி என்று வழங்குவது தெளிவு. எட்டு நுண்மி சேர்ந்த தொகுதி பைட்டு எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னர் புக்கோல்சு 1956-இல் படைத்த சொல் அது. அதனைத் தமிழில் எண்ணுண்மி என்க. எண் என்பதன் முன் நூறு வந்து எண்ணூறு ஆனாற்போல, எண் என்பதன் முன் நுண்மி வந்து எண்ணுண்மி ஆயிற்று. புணர்ச்சி இலக்கணம் படித்தவர்க்கு இதில் தடை இராது. ஈழத்துப் பாடநூல்கள் பிற்று, பைற்று என்று ஒலிபெயர்த்துக் கொள்கின்றன. அது அவர்தம் ஒலிமரபு.

இரண்டே நிலையுடைய கூறுகளைக் கோத்து எண்ணிறந்த வடிவங்களைப் பெறும் கலை தமிழர்க்குப் புதியதன்று. யாப்பிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் நாள்தோறும் அதனைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அசை இரண்டு: நேர், நிரை. நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் கொள்க. ஈரசை சேரின் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு சீர். தேமா சுழி சுழி; புளிமா ஒன்று சுழி; கூவிளம் சுழி ஒன்று; கருவிளம் ஒன்று ஒன்று. மூவசை சேரின் காய் நான்கும் கனி நான்கும் ஆக எட்டு. நாலசை சேரின் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்னும் ஈறுகள் பெற்றுப் பதினாறு. நாலசைச்சீர் இரண்டனை அடுக்கினால் எட்டு அசை. பதினாறும் பதினாறும் உறழ 256 வடிவம். ஓர் எண்ணுண்மி கொள்ளும் வடிவங்களும் சரியாக 256. சுழி முதல் 255 வரை.

இனி, மூவசைச்சீர் ஒன்றைக் கொடுத்து 'இது காயா கனியா?' என்று மாணவனைக் கேட்கிறோம். அவன் முதலசையைப் பார்ப்பதில்லை. நடு அசையையும் பார்ப்பதில்லை. ஈற்றசை ஒன்றையே பார்க்கிறான். அது நேராயின் காய், நிரையாயின் கனி. மற்றவற்றை மறைத்துவிட்டு வேண்டும் ஓரிடத்தை மட்டும் நோக்கும் இதுவே நுண்மி நோக்கல். வெண்பாவினுள் கனிச்சீர் புகுந்ததா என்று தேடுபவர் செய்வதும் அதுவே. இயற்சீர் வெண்டளை இன்னும் ஒருபடி மேல்: நேர்முன் நிரையும் நிரைமுன் நேரும் வரவேண்டும், இரண்டும் வேறுபட்டால் சரி, ஒன்றுபட்டால் தளை தட்டும். கணிப்பொறியாளர் இதற்கெனத் தனியே ஒரு செய்குறி வைத்திருக்கிறார்கள். தளை பார்க்கத் தெரிந்த தமிழ்ப்புலவனுக்கு அக்குறியை விளக்க அரை நொடி போதும்.

எண்ணுண்மியின் எட்டு இடங்களுக்கும் இடமதிப்பு உண்டு. வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என ஒவ்வொன்றும் இரட்டிக்கும். இடங்களை எண்ணும்போது வலக்கோடியை முதலாம் இடம் என்னாமல் சுழியாம் இடம் என்பது நிரலாளர் வழக்கு. இதை மறந்தவர்க்கு விடை ஓரிடம் தள்ளியே கிடைக்கும். 180 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. அது 128, 32, 16, 4 ஆகியவற்றின் கூட்டு. ஆகவே அதன் நுண்மி வடிவம் 10110100.

இவ்வெண்ணில் 32-க்குரிய நுண்மி ஒன்றா சுழியா என்று அறிய வழி இரண்டு.

முதல் வழி, வடியெண் கொண்டு வடித்தல். 32 என்னும் எண்ணில் அந்த ஓர் இடம் மட்டுமே ஒன்று, ஏனைய சுழி. 180-ஐயும் 32-ஐயும் மேலும் கீழுமாக எழுதி, இரண்டிலும் ஒன்று உள்ள இடத்தில் மட்டும் ஒன்று இடுக. இது எண்ணும்மை. 'அதியமானும் ஔவையும் வந்தனர்' என்றால் இருவரும் வந்தாலன்றி அவ்வுரை மெய்யாகாது, அற்றே இதுவும். பைத்தான், பெர்ல், பி.எச்.பி., சாவாசுகிரிப்டு முதலிய உரைநிரல் மொழிகள் பலவற்றிலும் இவ்வும்மைக்கு & என்பதே குறி. 180 & 32 என்று எழுதின் விடை 32. விடை சுழியாக இராமையால் அந்நுண்மி ஒன்று. இங்கே தடுக்கி விழுவோர் பலர். விடை ஒன்று என வரும் என்று எதிர்பார்த்து, '1-க்கு நிகரா?' என்று வினவிவிடுகின்றனர். விடை 32 ஆகையால் 'இல்லை' என்று பொறி சொல்லிவிடும். சுழியா, சுழியன்றா என்றே கேட்கவேண்டும்.

இரண்டாம் வழி, நகர்த்திப் பார்த்தல். எண்ணை வலப்பக்கமாக ஐந்து இடம் நகர்த்தினால் ஐந்தாம் இடத்து நுண்மி வலக்கோடிக்கு வந்துவிடும். பிறகு கோடியை மட்டும் நோக்கினால் போதும்: (180 >> 5) & 1. இதன் விடை எப்போதும் சுழி அல்லது ஒன்றே. நகர்த்தல் என்பது வேறொன்றன்று; 32-ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுவதே. 180-ஐ 32-ஆல் வகுத்தால் ஈவு 5. ஐந்து ஒற்றைப்படை, ஆகவே நுண்மி ஒன்று. இரட்டைப்படையாயின் சுழி. புளி மிகுந்த இம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்தி 'ஒற்றையா இரட்டையா' என்று ஆடும் ஆட்டத்தின் மேல் எழுந்த கணக்கு இது. முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய 'எழில்' என்னும் கணிமொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்துள்ளன. அதுபோலும் மொழியில் பயில்வோரும் நுண்மிக் குறியை நாடாமல் வகுத்தலும் ஒற்றை இரட்டை காண்டலும் கொண்டே இதனை முடித்துவிடலாம்.

பைத்தான் மொழியைப் பற்றி ஒரு நற்செய்தியை இடையே சொல்லிவிடுவது தகும். 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதலாக, நிரலில் நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம். 'எண்' என்று பெயரிட்டு (எண் >> 5) & 1 என்று எழுதினால் அம்மொழி மறுக்காது ஏற்கிறது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும் பெயர்ச்சொற்கள் தமிழாகலாம். தமிழில் எழுதினால் இயங்காது என்று இன்றும் கூறுவோர் எழுதிப் பார்த்துக் கூறுவதில்லை.

உம்மையைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை. இம்மொழிகளில் உம்மை இருவகை. ஒன்று நுண்மிதோறும் செல்லும் உம்மை. மற்றொன்று இரண்டு கூற்றும் மெய்யா என்று மட்டும் பார்க்கும் உம்மை. பைத்தானில் பின்னது 'ஆண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லாகவே எழுதப்படும்; பிறவற்றில் && என இரட்டைக் குறியாக வரும். 180-இல் 8-க்குரிய நுண்மி சுழி. 180 & 8 என்றால் விடை சுழி; முறையே. ஆனால் கைதவறி மற்றை உம்மையை இட்டுவிட்டால், '180 உளது, 8-உம் உளது, ஆகவே மெய்' என்று பொறி தலையாட்டிவிடும். இடமறியாது இட்ட உம்மை சொற்றொடரின் பொருளைக் கெடுப்பது போன்றதே இது.

இனிப் பூங்குழலியிடம் மீள்வோம்.

உலக எழுத்துகள் அனைத்திற்கும் எண் வழங்கும் ஒருங்குறி 1991-இல் முதற்பதிப்புக் கண்டது. தமிழ் அதில் அப்போதே இடம்பெற்றது. அவ்வெண்களை எண்ணுண்மிகளாக மாற்றிச் சேமிக்கும் முறைகளுள் இன்று எங்கும் பரந்திருப்பது யு.டி.எஃப்.-8 எனப்படுவது. கென் தாம்சனும் இராபு பைக்கும் 1992 செபுத்தம்பரில் நியூ செர்சியில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, உணவுத்தட்டின் கீழ் விரிக்கும் தாளிலே அதன் வரைவை எழுதினர் என்பது பலரும் அறிந்த வரலாறு. அவர்கள் செய்த அமைப்பின் நுட்பம் முழுவதும் எண்ணுண்மியின் இடக்கோடி நுண்மிகளில் அடங்கியிருக்கிறது.

இடக்கோடி சுழியாயின் அந்த எண்ணுண்மி தனித்து நிற்பது. ஆங்கில எழுத்தும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அவ்வாறானவை. இடக்கோடி இரண்டும் 11 ஆயின் அது ஒரு தொடரின் தலை. தலையில் எத்தனை ஒன்று தொடர்ந்து வருகிறதோ அத்தனை எண்ணுண்மி அத்தொடரில் உள. 10 ஆயின் அது தலையின் பின்னே வரும் இடையுறுப்பு. தமிழ்க் குறிகள் யாவும் மூன்று எண்ணுண்மி நீளமுடையவை. ழகரம் 224, 174, 180 என்று நிற்கிறது: 11100000, 10101110, 10110100. முதலாவதில் ஒன்று மூன்று உள. ஆகவே மூன்று உறுப்பு. பின் வரும் இரண்டும் 10 என்று தொடங்குதலால் தாம் தலையல்ல என்பதைத் தாமே அறிவிக்கின்றன. தமிழ் எழுத்து எதனை எடுத்தாலும் தலை 224. நடுவில் 174 அல்லது 175. கடையுறுப்பு ஒன்றே பெரிதும் மாறும்.

பூங்குழலியில் பகரம், ஊகாரக்குறி, ஙகரம், புள்ளி, ககரம், உகரக்குறி, ழகரம், லகரம், இகரக்குறி என ஒன்பது குறி. ஒன்பதை மூன்றால் பெருக்க 27. இருபதாவது எண்ணுண்மியோடு வெட்டினால் என்ன ஆகும்? ஆறு குறி 18-இல் முடிந்தன. 19-ஆம் இடத்தில் ழகரத்தின் தலையாகிய 224, 20-ஆம் இடத்தில் அதன் நடுவாகிய 174. கடையுறுப்பாகிய 180 வெட்டுண்டு போயிற்று. ழகரம் காலிழந்து கிடக்கிறது. கருங்கட்ட வினாக்குறி எழுந்ததன் கரணியம் இதுவே.

இதைத் தடுக்கச் செய்யவேண்டியது சிறிது. வெட்டும் இடத்தை அடுத்து, விடுபடப்போகும் முதல் எண்ணுண்மியை நோக்குக. அதன் இடக்கோடி நுண்மி இரண்டும் 10 ஆ? அவ்விரண்டு இடங்களின் மதிப்பு 128-உம் 64-உம், கூட்டினால் 192. ஆகவே வடியெண் 192. (எண் & 192) == 128 என்பது மெய்யாயின் அஃது இடையுறுப்பு; ஒரு குறியின் நடுவே வெட்டப்போகிறோம் என்பது பொருள். ஓரடி பின்வாங்கி மீண்டும் நோக்குக. பூங்குழலியில் 21-ஆவது 180, இடையுறுப்பு. பின்வாங்கினால் 20-ஆவது 174, அதுவும் இடையுறுப்பு. இன்னும் பின்வாங்கினால் 19-ஆவது 224, தலை. அதற்கு முன்னே வெட்டுக. 'பூங்கு' என்று நிற்கும். பெயர் குறைபட்டதே ஆயினும் எழுத்துச் சிதையவில்லை. (பெயருக்கு 20 அறை வைத்தவன் அறையைப் பெருக்குவதே முறை என்பது வேறு செய்தி.)

மேலே இட்ட பிறைக்கோட்டை வீண் என்று எண்ணிவிடல் ஆகாது. பைத்தானில் அது இல்லாவிடினும் இழுக்கில்லை; & அங்கே முந்திச் செயற்படும். பெர்ல், பி.எச்.பி., சாவாசுகிரிப்டு ஆகியவற்றிலோ நிகர்ப்பாடு முந்திக்கொள்ளும். பிறைக்கோடு இல்லையாயின், அவை 192-உம் 128-உம் நிகரா என்று முதலில் பார்த்து, அன்று எனக் கண்டு, அந்தச் சுழியோடு எண்ணை வடிக்கும். விடை என்றென்றும் சுழி. நிரல் பிழை காட்டாது; ஓடும்; ஒவ்வொரு வெட்டும் 'சரியான இடம்' என்றே சொல்லும். இத்தகைய ஊமைப் பிழையைக் கண்டுபிடிக்க நாட்கணக்கில் ஆகும்.

மற்றொன்று. எண்ணுண்மியை எண்ணாகப் பெற்ற பின்னரே நுண்மி பார்த்தல் கூடும். பைத்தானில் கோப்பை உரையாகத் திறந்தால் கைக்கு வருவன குறிகள், எண்ணுண்மிகள் அல்ல. எண்ணுண்மிக் கோப்பாகத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் 255-க்கு உட்பட்ட எண்ணாகவே வரும். பெர்லிலும் பி.எச்.பி.யிலும் கைக்கு வருவது உரைத்துண்டு. 'ஆர்டு' என்னும் செயற்கூற்றால் அதனை எண்ணாக்கிக்கொண்டே மேற்செல்லவேண்டும்.

இம்மட்டோடு நின்றால் உலக நிரலாளர் எவர்க்கும் தெரிந்த செய்தியாகவே முடியும். தமிழர் நிற்கக்கூடாத இடம் இது. ஏன் எனின், குறி பிழைத்தாலும் எழுத்துப் பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இத் தகடூர் மண்ணில் அதியமான் நெடுமானஞ்சியின் அவைக்களத்தை அணிசெய்த ஔவையார் பெயரையே எடுத்துக்கொள்க. ஔகாரம், வகரம், ஐகாரக்குறி, யகரம், ஆகாரக்குறி, ரகரம், புள்ளி என ஏழு குறி, 21 எண்ணுண்மி. இருபது அறையுள் அப்பெயர் ஒரே ஓர் எண்ணுண்மியால் அடங்காது போகிறது. 21-ஆவது 141, நுண்மி வடிவம் 10001101, இடையுறுப்பு. நம் நெறிப்படி பின்வாங்கிப் புள்ளி முழுவதையும் விட்டு வெட்டினால் நிற்பது என்ன? 'ஔவையார'! கருங்கட்டம் இல்லை, வினாக்குறி இல்லை, பொறிக்கு எல்லாம் நலமே. ஆனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிட்டது. புலத்தியார் பெயர் புள்ளியிழந்து நிற்கிறது.

புள்ளி ஒன்றில் என்ன இருக்கிறது என்று கேட்பார் இருக்கலாம். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் நூற்பா வகுத்தது. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பிற்காலத்தார் புள்ளியை விட்டெழுதினர். கல்லில் வெட்டியோரும் பல இடங்களில் விட்டனர். நடுகற்கள் மிகுந்த இந்த மாவட்டத்தில், பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்களைப் படிக்க முயன்றவர்க்கு அதன் இடர் தெரியும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துள் வரிசையாக நிற்கும் நடுகற்களின் முன் நின்று பார்த்தால் அது விளங்கும். இருந்தும் படித்துவிடுகிறார்கள். எவ்வாறு? இடம் நோக்கி, பொருள் நோக்கி, இங்கே மெய், இங்கே உயிர்மெய் என்று அறிவினால் புள்ளியை இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். கல் விட்டதை மாந்தன் நிரப்புவான். பொறி விட்டதைப் பொறி நிரப்பாது; 'ஔவையார' என்று எழுதி வைத்தால் ஆயிரம் ஆண்டாயினும் அஃது ஔவையார'வே. ஔவையாரைத் தேடுபவர்க்கு அப்பெயர் அகப்படவும் செய்யாது.

ஆகவே தமிழுக்கு இரண்டாம் நோக்கு ஒன்று வேண்டும். வெட்டிய இடத்தை அடுத்து நிற்கும் குறி, முன்னெழுத்தைச் சார்ந்து நிற்கும் குறியா? சார்ந்தது எனின் அது சார்ந்த எழுத்தையும் சேர்த்தே விடவேண்டும். சார்பு குறிகள் நிற்கும் இடம் தெளிவானது. ஆகாரக்குறியும் இகரக்குறியும் நடுவில் 174 பெற்றுக் கடையில் 190, 191 என நிற்கும். ஈகாரக்குறி முதல் புள்ளி ஈறாக உள்ளன நடுவில் 175 பெற்றுக் கடையில் 128 முதல் 141-க்குள் நிற்கும். ஔகார நீட்டக்குறி ஒன்று மட்டும் தனித்து 151-இல் கிடக்கிறது. உயிரும் மெய்யுமாகிய முதன்மை எழுத்தெல்லாம் நடுவில் 174 உடையவை. 174-க்கும் 175-க்கும் வேற்றுமை வலக்கோடி நுண்மி ஒன்றே: 10101110, 10101111. அந்த ஒரு நுண்மியை நோக்கினாலே புள்ளியின் வரவில் பெரும்பகுதி தெரிந்துவிடும். இவ்விரண்டாம் நோக்கால் 'ஔவையா' என்று வெட்டு நிற்கும். குறைச்சொல்தான், ஆயினும் பொய்யெழுத்து இல்லை.

ஔகாரத்தைச் சொல்லும்போது ஒரு பழக்கக்கேட்டையும் சுட்டாமல் விடுதல் இயலாது. ஔ என்னும் ஓரெழுத்துக்கு மாறாக, ஒகரத்தை இட்டு அருகே ளகரத்தை இடுவார் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும். பொறியின் உள்ளே ஔ என்பது 224, 174, 148. மற்றதோ 224, 174, 146 என்று தொடங்கி 224, 174, 179 என்று முடியும் ஆறு. 'ஒ-ள-வையார்' என்று எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஔவையாரைத் தேடுவோர்க்கு அகப்படாமல் ஒளிந்து கிடக்கின்றன. செய்தவர் வேற்று மொழியாளர் அல்லர், நம்மவரே.

இடங்கள் இப்படி ஒழுங்கின்றி அமைந்ததன் கரணியமும் அறியத்தக்கது. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி, 1988-இல் இந்திய மொழிகளுக்கு ஒரே சட்டமாக வகுத்த குறியேற்றத்தைப் பின்பற்றியது. அச்சட்டம் தேவநாகரி நெடுங்கணக்கை ஒட்டியது. ஆகவேதான் ககரத்தை அடுத்து மூன்று வெற்றிடம் விட்டு ஙகரம் நிற்கிறது. தமிழில் இல்லாத மூன்று ஒலிக்காக இட்ட இருக்கைகள் அவை. னகரம் நகரத்தின் பின்னே ஏறிக்கொண்டது. ல, ள, ழ என்று நின்று அதன் பின்னரே வகரம். எண்வரிசைப்படி சொற்களை அடுக்கச் சொன்னால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. அதற்கெனத் தனி நெறி எழுதித்தான் அடுக்கவேண்டும்.

தமிழிலக்கணத்தை நுண்மியிலேயே அமைத்துக் காட்டிய முயற்சியும் ஒன்று உண்டு. 2010 சூன் திங்களில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த காலத்தில், தமிழக அரசு ஒருங்குறியோடு 'டேசு-16' என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு எண்ணுண்மி. ககரம் முதல் ழகரம் வரை உள்ள மெய் பதினைந்தும் நிற்கும் பகுதியில், பின் எண்ணுண்மியின் இடப்பாதி நான்கு நுண்மி மெய்யைக் காட்டும். வலப்பாதி நான்கு நுண்மி உயிரைக் காட்டும். வலப்பாதி சுழியாயின் தனிமெய், ஒன்றாயின் அகரம் ஏறியது, மூன்றாயின் இகரம், பன்னிரண்டாயின் ஔகாரம். 'க்' என்பதன் பின் எண்ணுண்மி 16, அதாவது 00010000. 'கி' என்பதன் பின் எண்ணுண்மி 19, அதாவது 00010011. எண் & 15 என்று வடித்தால் உயிர் தனியே வந்து நிற்கும்; விடை சுழியாயின் புள்ளியெழுத்து. உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய் ஆவது அங்கே கூட்டல் கணக்காகவே நிகழும். காட்சிக்கு இனிய அமைப்பு. ஆயின் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால், அதை அறியாத பொறிகள் கட்டம் கட்டமாகவே காட்டும். அலைபேசி முதல் நாளிதழ்வரை இன்று இயங்குவது ஒருங்குறியே. ஆகவே, இலக்கண அழகைக் கண்டு மகிழ்ந்தபின், பூங்குழலியின் பெயரைக் காக்க 192-ஆல் வடிக்கக் கற்பதே இன்றைக்குப் பயன்படுவது.

நம் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் வடவெழுத்துப் புகுந்துள்ளதா என்று பொறியாலேயே பார்க்க முடியுமா என்று அன்பர்கள் வினவுவதுண்டு. முடியும். அவ்வெழுத்துகளுள் நான்கு, வகரத்தை அடுத்து ஒரே கோவையாக நிற்கின்றன: 224, 174 என்பவற்றின் பின் 182 முதல் 185 வரை. மற்றொன்று சகர ஞகரங்களின் இடையே 156-இல் நிற்கிறது. ஆனால் இங்கே வடியெண் உதவாது. 182 என்பது 10110110. 185 என்பது 10111001. இந்நான்கனையும் மட்டும் பிரித்துக் காட்டும் ஒரு நுண்மி இல்லை. 181-ஐவிடப் பெரிதா, 186-ஐவிடச் சிறிதா என்று அளவு நோக்கிப் பிடிப்பதே எளிது. 224-உம் 174-உம் முன்னே நிற்கின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். இல்லையேல் வேற்றுமொழி எழுத்தின் கடையுறுப்பையும் பிடித்து வந்துவிடும்.

வந்துள்ள மாணவர்கள் கணிப்பொறியை நாடுமுன் ஏட்டிலே ஒருமுறை செய்து பார்க்கலாம். நெடுமானஞ்சி என்று எழுதுக. எழுத்து ஆறு. குறி எத்தனை? நகரம், எகரக்குறி, டகரம், உகரக்குறி, மகரம், ஆகாரக்குறி, னகரம், ஞகரம், புள்ளி, சகரம், இகரக்குறி, பதினொன்று. எண்ணுண்மி 33. இருபதில் வெட்டினால் னகரம் உடையும். இடக்கோடி நுண்மி இரண்டையும் நோக்கிப் பின்வாங்கினால் 'நெடுமா' என்று நிற்கும். அடுத்து நிற்பது னகரம், சார்பு குறியன்று. ஆகவே இரண்டாம் நோக்குக்கு இங்கே வேலையில்லை. அவரவர் பெயரையும், ஊர்ப் பெயரையும் இவ்வாறே எழுதி, எங்கே உடைகிறது, எத்தனை அடி பின்வாங்கவேண்டும் என்று குறித்துக்கொண்டு வருக. தகடூர்க்கு எண்ணுண்மி 18. அது 20-இல் உடையாது.